ஓவியத் தேர்வும் ஒரு மாதிரி வினாத்தாளும்

எனக்கு எதிலும் சந்தேகம் அதிகம். தேதியைப் பார்க்காமல் பால் பாக்கெட்டைக் கையில் வாங்க மாட்டேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை வந்துவிட்டு, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். ஆகவே, ஓவிய ஆசிரியர் வேலைக்கு இந்த முறை எழுத்துத் தேர்வும் உண்டு என்று அறிவிப்பு வந்தபோது, மற்றவர்கள் எதைப் படிப்பது என்று கவலைப்பட்டார்கள். நான் யாருக்காக இதை வைக்கிறார்கள் என்று யோசித்தேன்.

வேலை ஒரு கல்வி அறக்கட்டளையில். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் அவர்களுக்குப் பள்ளிகள் உண்டு. அதுவரை படம் வரைந்து காட்டினால் போதும் என்றுதான் இருந்தது. நான் உழவர்கரையில் ஒரு சிறிய பள்ளியில் ஒப்பந்தத்தில் டிராயிங் டீச்சராக இருந்தேன். பென்சிலை வைத்துப் பிழைக்கிற எங்களைப் பேனாவைப் பிடிக்கச் சொன்னது எனக்கு உறுத்தியது. எழுத்தில் தேறுகிற யாரோ ஒருவரை முன்பே முடிவு செய்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

என் கணவர் சிரித்தார். "உன்ன எடுக்கக் கூடாதுன்னு ஊரே கூட்டம் போட்டு முடிவு பண்ணிச்சா? உட்கார்ந்து படி."

என்னுடன் படிக்க ஒருத்தி இருந்தாள். கலைக்கல்லூரியில் என் வகுப்புத் தோழி. நகரத்தில் பல தலைமுறையாகத் துணி வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பம். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் ஓர் இடத்தில் டிசைன் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரி நாட்களில் அவள் வாட்டர் கலர் செய்தால் நாங்கள் எங்கள் தாள்களைத் திருப்பி வைத்துவிடுவோம். ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும், எப்போது தூரிகையை எடுக்க வேண்டும் என்பது அவள் மணிக்கட்டுக்கே தெரியும். ஆனால் அதை எழுது என்றால் அவளால் இரண்டு வரி எழுத முடியாது.

மத்தியானங்களில் ஸ்கூட்டரில் என் வீட்டுக்கு வருவாள். சமையலறையை ஒட்டிய சின்ன ஹாலில் தரையில் உட்கார்ந்து படிப்போம்.

"எண்ணெய் ஓவியத்துல மேல வர்ற பூச்சுல ஏன் எண்ணெய் அதிகமா இருக்கணும்?" என்று நான் கேட்பேன்.

"இல்லன்னா வெடிச்சிடும்."

"ஏன் வெடிக்கும்? அத எழுதணும்."

"வெடிக்கும்டி. நானே பாத்திருக்கேன். வேற என்னா எழுதறது?"

எனக்கும் அதே கதிதான். பதினைந்து வருடமாகச் செய்கிற ஒன்றை வாக்கியமாக்கச் சொன்னால் தொண்டையில் நிற்கும். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாக இருந்தால் சீக்கிரம் காயும். மேலே உள்ளது மெதுவாகக் காயும், காய்ந்த பிறகும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். மாற்றிச் செய்தால் மேல்தோல் முதலில் இறுகிவிடும், அடியில் இருப்பது பிறகு அசையும், விரிசல் விழும். இவ்வளவுதான் விஷயம். இதை ஒரு பத்தியாக எழுத எனக்கு ஒரு முழு மத்தியானம் தேவைப்பட்டது. எழுதி முடித்தபோது ஒரு படத்தை முடித்த களைப்பு.

படிக்கும்போது அவள் எதையும் குறித்துக்கொள்ள மாட்டாள். கேட்டுக்கொண்டே இருப்பாள். முதலில் இது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு உறுத்த ஆரம்பித்தது. நான் தேடிப் படித்ததையெல்லாம் இவள் வாங்கிக்கொள்கிறாள், இவளிடமிருந்து எனக்கு என்ன வருகிறது? வேறு எங்காவது கோச்சிங் போகிறாளோ? அங்கே கற்றதை என்னிடம் சொல்லாமல், நான் சொல்வதை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறாளோ? டீ போட உள்ளே போனால், திரும்பி வரும்போது அவள் கையில் போன் இருக்கும். என்னைப் பார்த்ததும் கவிழ்த்து வைப்பாள். அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

பழைய வினாத்தாள் எதுவும் கிடையாது. முதல் முறையாக நடக்கிற தேர்வு. எனவே நானே ஒரு மாதிரி வினாத்தாள் தயாரிக்க முடிவு செய்தேன். இருவரும் நேரம் வைத்து எழுதிப் பார்க்கலாம். எங்கள் பள்ளி கம்ப்யூட்டரில் உட்கார்ந்து டைப் செய்தேன். எதைச் செய்தாலும் முழுசாகச் செய்வது என் பழக்கம். அறிவிப்பில் இருந்தபடியே மேலே அறக்கட்டளையின் பெயர், நடுவில் 'ஓவிய ஆசிரியர் தேர்வு, எழுத்துத் தாள்', அதன் கீழே நேரம், மதிப்பெண், மூலையில் பதிவு எண் எழுதக் கட்டங்கள். நிஜத் தேர்வில் உட்காரும்போது தடுமாறக் கூடாது என்பதற்காகத்தான் கட்டங்கள் கூடப் போட்டேன்.

பிரிண்டர் எங்கள் வீட்டில் இல்லை. என் கணவர் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியின் அலுவலகத்தில் வேலை செய்கிறார். அவருக்கு அனுப்பினேன். சாயந்திரம் இரண்டு பிரதி கொண்டுவந்து கொடுத்தார். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. எழுதிப் பார்த்தோம். அவள் பாதியில் எழுந்துவிட்டாள்.

"நெசப் பேப்பர் மாதிரியே இருக்குதுடி. என்னால முடியல" என்றாள்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள், காய்ச்சல், வர முடியாது என்று செய்தி அனுப்பினாள். அன்று எங்கள் பள்ளிப் பிள்ளைகளை ஒரு போட்டிக்காக வேனில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக அழைத்துப் போய்க்கொண்டிருந்தோம். பிள்ளைச்சாவடி வளைவுக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர் எங்களுக்கு முன்னே போனது. பச்சை துப்பட்டா, பின்பக்கம் கீறல் விழுந்த வெள்ளை வண்டி. அவளேதான். வலது பக்கம் கடலோரத் தெருவுக்குள் திரும்பினாள்.

காய்ச்சல்காரி மீனவக் கிராமத்துக்கு எதற்குப் போகிறாள்? பிள்ளைகள் வேனில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

மறுநாள் வந்தாள். "காய்ச்சல் எப்படி இருக்குது?" என்று கேட்டேன்.

"பரவால்ல" என்றாள். பிள்ளைச்சாவடியைப் பற்றி நான் கேட்கவில்லை. அன்று இருவரும் படித்தோம் என்று சொல்ல முடியாது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையைத் தூக்கினால் புத்தகத்தைப் பார்ப்பாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "அந்த மாதிரி பேப்பர் நீயே எழுதினதா?" என்று கேட்டாள்.

"பின்ன யாரு?"

"சும்மா கேட்டேன்."

சும்மா யாரும் எதையும் கேட்பதில்லை என்பது என் எண்ணம். பிறகு அவள் வருவது நின்றுபோனது. வேலை அதிகம் என்றாள்.

தேர்வு நெருங்கிவிட்டது. ஒரு காலை எங்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் ஓடிவந்தார். "டீச்சர், உங்க பரீட்சைப் பேப்பர் லீக் ஆயிடுச்சாம். எங்க சித்தி பொண்ணுக்கு வாட்சப்புல வந்துச்சு. பாருங்க" என்று போனை நீட்டினார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். "வேணாம், காட்டாதீங்க" என்றேன். லீக்கான தாளைப் பார்த்தேன் என்று நாளைக்கு யாராவது சொன்னால் என்ன ஆவது? ஆனால் கணக்கு டீச்சர் உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டார். "'ஆழிவிதை எண்ணெயின் பண்புகளை விளக்குக.' ஆழிவிதைன்னா என்னா டீச்சர்? கடல்ல வெளயற விதையா?"

கண்ணைத் திறந்தேன். ஆளிவிதை என்பதை ஆழிவிதை என்று அடித்தவள் நான்தான். எழுதிப் பார்த்த அன்றே என் தோழி அதைச் சுட்டிக்காட்டிச் சிரித்திருந்தாள். போனை வாங்கிப் பார்த்தேன். நசுங்கிய தாளைப் படம் எடுத்திருந்தார்கள். மேலே அறக்கட்டளையின் பெயர். மூலையில் நான் போட்ட கட்டங்கள். கடைசியில் நான் யோசித்து எழுதிய கேள்வி: 'மஞ்சள் சுவருக்கு முன்னால் ஒரு நீலக் குடம் இருக்கிறது. குடத்தின் நிழல் சுவரில் விழுகிறது. அந்த நிழலைக் கறுப்பு கலக்காமல் எவ்வாறு தீட்டுவீர்கள்?'

நான் படிப்பதற்காகச் செய்த தாள், திருட்டு வினாத்தாளாக ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது.

என் பிரதி என் பையில் இருந்தது. மற்றது அவளிடம்தான். பிள்ளைச்சாவடி, காய்ச்சல், கவிழ்த்து வைத்த போன், எல்லாம் ஒன்று சேர்ந்துவிட்டன. உடனே அவளுக்குப் போன் செய்து, மத்தியானம் வீட்டுக்கு வரச் சொன்னேன். ஏன் என்று கூட அவள் கேட்கவில்லை.

வந்தவள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். நான் போனில் வாங்கி வைத்திருந்த படத்தைக் காட்டினேன்.

"இது உன்கிட்ட இருந்துதான போச்சு?"

அவள் படத்தைப் பார்க்கவேயில்லை. என்னைப் பார்த்தாள். "இத நான் ஏற்கெனவே பாத்துட்டேன். பிள்ளைச்சாவடியில."

"தெரியும். நீ அங்க போனத நானும் பாத்தேன். காய்ச்சல்னு சொன்னியே?"

"ஆமா, பொய்தான் சொன்னேன். என்கூட முன்ன டிசைன் வேல பாத்த பையன் அங்க இருக்கான். அவனும் இந்தப் பரீட்சை எழுதறான். பேப்பர் கெடச்சிருக்குது, வந்து பாருன்னு கூப்புட்டான். போனேன். பாத்தா, நீ எனக்குக் குடுத்த அதே பேப்பர்." போனை என் பக்கமே தள்ளினாள். "உனக்கு உள்ளேர்ந்து யாரோ குடுத்திருக்காங்க. என்கிட்ட மட்டும் நானே எழுதினேன்னு சொன்ன."

திருடி என்று நான் கூப்பிட்டு நிறுத்தியவள், என்னைத் திருடி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் எழுதினேன்டி."

"அப்ப மேல எதுக்கு அவங்க பேரு? நம்பர் போடற கட்டம்?"

"நெசமா இருக்கட்டும்னு போட்டேன்."

"எந்தப் பைத்தியம் மாதிரி பேப்பருக்குக் கட்டம் போடும்?"

கணவருக்கு அனுப்பிய கோப்பைப் போனில் திறந்து காட்டினேன். யாரோ கொடுத்ததைப் பார்த்து டைப் செய்திருக்கலாமே என்றாள். ஆழிவிதையைக் காட்டினேன். பார்த்து அடிக்கும்போதும் தப்பு வரும் என்றாள். அவள் சொன்னதில் தவறே இல்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். என்னைப் போலவே சந்தேகப்படுகிற இன்னொருத்தியிடம் மாட்டிக்கொள்வது எவ்வளவு கொடுமை என்று அன்றுதான் தெரிந்தது.

கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப் போனேன். எங்கள் சமையலறைச் சுவர் மஞ்சள். வீட்டுக்காரர் அடித்துக் கொடுத்த நிறம். அதன் முன்னால் மேடையில் குடிதண்ணீர் பிடித்து வைத்த நீல பிளாஸ்டிக் குடம். மேற்கு ஜன்னலிலிருந்து வெயில் விழுந்துகொண்டிருந்தது.

"வேற எந்தக் கேள்வி எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்குச் சொல்லத் தெரியாது. இது இங்கேர்ந்து வந்துச்சு" என்றேன்.

அவள் சுவரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "ஊதா" என்றாள் கடைசியில். "ஓரத்துல கொஞ்சம் பச்சை."

நிழலைச் சொல்கிறாள். அதற்குப் பிறகு வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். முழுசாக நம்பிவிட்டாள் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கும் அவள் மேல் பாதிதான் தெளிந்திருந்தது. அவள் தன் பிரதியைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். படத்தில் இருந்த தாளோ நசுங்கி, ஒரு பக்கம் மை இழுத்திருந்தது. அப்படியானால் மூன்றாவது ஒன்று இருக்கிறது.

சாயந்திரம் கணவர் வந்ததும் இருவரும் சேர்ந்து கேட்டோம். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ரெண்டுதான் எடுத்தேன்" என்றார். பிறகு கை நின்றது. "மொதல் தடவ தாள் சிக்கிக்கிச்சு. அத விட்டுட்டுப் பக்கத்து ரூம் மெஷின்ல எடுத்தேன். சிக்கினத அப்புறம் யாராவது எடுத்துப் போட்டிருப்பாங்க."

"யாரு?"

"யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஸ்டோர்ஸ்ல இருக்கறவர்தான் பிரிண்டர் ரிப்பேர்லாம் பாப்பாரு."

"அவருக்கு எந்த ஊரு?" என்று என் தோழி கேட்டாள்.

"கோட்டக்குப்பம் பக்கம். அவரு மச்சான் கூட பிள்ளைச்சாவடியில டிராயிங்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

யாரும் திருடவில்லை, யாரும் விற்கவில்லை. குப்பைக்குப் போக வேண்டிய ஒரு தாள், அதன் தலையில் நான் அச்சடித்த பெயரால் மதிப்புப் பெற்றுவிட்டது. ஸ்டோர்ஸ்காரர் அதை உண்மையாகவே வினாத்தாள் என்று நம்பி மச்சானுக்குக் கொடுத்திருக்கிறார்.

இப்போது என்ன செய்வது? அறக்கட்டளையில் போய்ச் சொல்லிவிடலாம் என்றேன். "சொன்னா ரெண்டு பேரையும் தூக்கிடுவாங்க" என்றாள் அவள். சொல்லாவிட்டால் யாராவது என்னைக் கைகாட்டத்தான் போகிறார்கள். நான் போகத்தான் போகிறேன் என்றேன்.

"நானும் வரேன். நீ தனியா போய் என் பேரச் சொல்லிட்டு வந்துட்டா?"

விளையாட்டாகச் சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

மறுநாள் காலை இருவரும் போனோம். அறக்கட்டளை அலுவலகம் மிஷன் வீதியை ஒட்டிய ஒரு பழைய வீட்டில் இருந்தது. நிர்வாகி வயதானவர், பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். நாங்கள் சொல்வதை "தக்கோர், தக்கோர்" என்று பிரெஞ்சில் சரி போட்டபடி கேட்டார். தாளை நீட்டியபோது மட்டும் கையை எடுத்துக்கொண்டார்.

"நான் இதப் பாக்க மாட்டேன். நெசமான கேள்வி என்னான்னு எனக்கே தெரியாது. வெளியூர்லேர்ந்து ஒரு மேடம் கவர்ல போட்டு சீல் வச்சு அனுப்பியிருக்காங்க." கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். "ஆனா ஒண்ணு கேக்கறேன். யாரும் உங்களக் கேக்காதப்ப நீங்களா வந்து எதுக்கு இதச் சொல்றீங்க?"

உண்மையைச் சொல்ல வந்தால் கூட அதற்கு ஒரு காரணம் கேட்கிறார்களே என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் நாற்காலியில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"யாராவது சொல்றதுக்கு முன்னாடி சொல்லிடலாம்னு" என்றாள் என் தோழி.

அவர் எங்கள் தாளை ஓர் உறையில் போட்டு ஒட்டச் சொன்னார். ஒட்டின இடத்தில் எங்கள் இருவரையும் கையெழுத்துப் போடச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். தேர்வு தேர்வுதான், ஞாயிற்றுக்கிழமை வந்து எழுதுங்கள் என்றார்.

ஞாயிறு காலை சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு நேராகத் தேர்வு நடக்கும் பள்ளிக்குப் போனேன். வாசலில் கும்பல் கும்பலாக நின்றவர்கள் குடத்தையும் சுவரையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் என் பதிலை விட நல்ல பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். பிள்ளைச்சாவடிக்காரனை என் தோழி எனக்குக் காட்டினாள். முப்பது வயதுக்குள் இருப்பான். எங்களைப் பார்த்து, ரகசியம் தெரிந்தவர்களுக்குள் தலையாட்டுவது போல் தலையாட்டினான்.

வினாத்தாள் கைக்கு வந்தது. மூலையில் கட்டங்கள் இல்லை, ஒரு கோடுதான். முதல் கேள்வி எண்ணெய் ஓவியத்தில் விரிசல் ஏன் விழுகிறது. அது வரும் என்று யாருக்கும் தெரியும். இரண்டாவது ஈரச்சுவர் ஓவியம். அதுவும் அப்படித்தான். தாளைத் திருப்பினேன். கடைசிக் கேள்வி: 'ஆரஞ்சு நிறத் துணியின் மேல் ஒரு வெள்ளைக் கிண்ணம் வைக்கப்பட்டுள்ளது. அதன் நிழலைக் கறுப்பைப் பயன்படுத்தாமல் எவ்வாறு தீட்டுவீர்கள்?'

குடம் போய்க் கிண்ணம் வந்திருந்தது. மற்றபடி அது என் கேள்விதான். எனக்கு முன்னால் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த என் தோழி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். கண்காணிப்பாளர் அதட்டினார். அவள் திரும்பிக்கொண்டாள். சமையலறையில் நம்பினதையெல்லாம் அவள் அந்த ஒரே பார்வையில் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

நன்றாக எழுதினால் மாட்டிக்கொள்வேன். எழுதாவிட்டால் வேலை போகும். இவ்வளவு நாள் படித்தது இதற்குத்தானே என்று பேனாவை எடுத்தேன். ஆரஞ்சுக்கு எதிர்நிறம் நீலம், துணியில் விழும் நிழலுக்கு ஆரஞ்சில் அதைக் கலக்க வேண்டும், வெள்ளைக் கிண்ணத்தின் நிழல் பக்கம் குளிர்ந்து நீலத்துக்குப் போகும், ஆனால் துணியை ஒட்டிய அடிப்பகுதியில் துணியின் ஆரஞ்சு திருப்பி அடிக்கும், அங்கே நீலத்தைக் கொஞ்சம் தணிக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டே போனேன். வாக்கியங்கள் தடையில்லாமல் வந்தன. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வெளியே வந்ததும் பிள்ளைச்சாவடிக்காரன், "பாத்தீங்களா, கிட்டத்தட்ட அதே வந்துடுச்சு!" என்று எல்லோரும் கேட்கச் சொன்னான். வாட்சப்பில் தாள் கிடைக்காதவர்கள் சத்தம் போட்டார்கள். என் தோழியைத் தேடினேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தாள்.

அந்த வாரமே நிர்வாகி என்னை அழைத்தார். அறையில் அவருடன் ஓர் அம்மா இருந்தார். கதர்ப் புடவை, குட்டையாக வெட்டிய நரைமுடி, நகத்தில் மை. வினாத்தாள் தயாரித்தவர் அவர்தான். மேசையில் நாங்கள் ஒட்டிக் கொடுத்த உறை இருந்தது. என் கண் முன்னால் அதைப் பிரித்துப் படித்தார். கடைசிக் கேள்வியில் அவர் விரல் நின்றது.

"நான் சீல் வச்ச கேள்வி உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியாதுங்க மேடம். அது எங்க வீட்டுக் குடம்."

அவர் எழுந்து நிர்வாகியின் டீ டம்ளரை எடுத்தார். நாற்காலியில் கிடந்த சிவப்புத் துண்டின் மேல் அதை வைத்தார். "இதுல என்னென்ன நிறம் இருக்குதுன்னு சொல்லு. எவர்சில்வர்னு சொல்லாத."

நான் குனிந்து பார்த்தேன். பயத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. அடியில் துண்டின் சிவப்பு, நடுவில் ஜன்னலின் நீல வெளுப்பு, ஒரு பக்கம் நிர்வாகியின் வெள்ளைச் சட்டை, விளிம்பில் என் புடவையின் பழுப்பு. ஒவ்வொன்றாகச் சொன்னேன். துண்டில் விழுந்த நிழலை எப்படிச் செய்வாய் என்றார். சிவப்பில் கொஞ்சம் பச்சையைக் கலந்து அடக்குவேன் என்றேன்.

"கறுப்பு?"

"கறுப்பு வச்சா ஓட்ட மாதிரி தெரியும் மேடம்."

அவர் முகம் மாறியது. "ஓட்டன்னு யாரு சொன்னது?"

யோசித்தேன். "எங்க காலேஜ்ல வாத்தியார். நெழல்ல கறுப்பு வச்சா, 'தாள்ல ஏன் ஓட்ட போட்ட'ன்னு திட்டுவாரு."

"எந்தக் காலேஜ்?"

சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். அவரும் அங்கேதான் படித்தவர், எனக்கு இருபது வருடம் முன்னால். அந்த வாத்தியார் அப்போது இளைஞர். வருடா வருடம் முதல் வகுப்பில் ஏதாவது ஒரு பாத்திரத்தை ஒரு துணியில் வைத்து, கறுப்பு இல்லாமல் நிழலைக் கொண்டுவா என்பாராம். எங்களுக்கும் வைத்தார். நான் என் சமையலறையிலிருந்து எடுத்தேன் என்று சத்தியம் செய்த கேள்வியை அவர்தான் என் தலைக்குள் வைத்திருக்கிறார். அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

நிர்வாகிக்கு இது போதவில்லை. "தக்கோர். நான் நம்பறேன். வெளியில நிக்கறவங்க நம்பணுமே" என்றார். எல்லோருக்கும் மறுதேர்வு என்று அறிவித்தார்கள். இந்த முறை அந்த அம்மாவே காலையில் வந்து கேள்விகளைக் கரும்பலகையில் எழுதினார். லித்தோகிராஃபி என்கிற கல்லச்சு வந்தது, சுடுமண் வந்தது. நிழல் வரவில்லை. மனப்பாடம் செய்தவர்களில் பலர் சீக்கிரம் எழுந்து போனார்கள். பிள்ளைச்சாவடிக்காரன் கடைசி வரை உட்கார்ந்து எழுதினான். என் தோழி தலையைத் தூக்காமல் எழுதினாள். அவள் இவ்வளவு எழுதி நான் பார்த்ததில்லை.

முடிவு வந்தது. புதுச்சேரிப் பள்ளிக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்குக் காரைக்கால். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்திலா வருத்தத்திலா என்று பிரிக்கத் தெரியவில்லை. வார இறுதியில் வந்து போகலாம், நானும் வருகிறேன் என்று கணவர் சமாதானம் சொன்னார். அவள் முன்னால் வந்தது அவள் கையால் இருக்கும், மறுதேர்வுக்குப் பிறகு நடந்த வரைந்து காட்டும் சுற்றில் அவள் வாட்டர் கலரைப் பார்த்தவர்கள் வேறு என்ன செய்ய முடியும் என்று நினைத்துக்கொண்டேன். அதை முழு மனதோடு நினைக்க எனக்குச் சில நாள் ஆனது.

கிளம்புகிற அன்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். தேர்வு நாளுக்குப் பிறகு நாங்கள் நேருக்கு நேர் பேசவில்லை. ஒரு டப்பாவில் இடியாப்பமும், தனியாகத் தேங்காய்ப்பாலும் கொண்டுவந்திருந்தாள். நான் ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்த பிறகு, கீழே நின்றபடி கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மேடம் சொன்னத நிர்வாகி என்கிட்டயும் சொன்னாரு. அந்த வாத்தியார் எனக்கும்தான் வாத்தியார். எனக்கு ஞாபகம் இருக்குது." சற்று நிறுத்தினாள். "இருந்தாலும் ஒரு தடவ நேராச் சொல்லிடு. உனக்கு யாரும் குடுக்கல இல்ல?"

"யாரும் குடுக்கல."

"சரி" என்றாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சாப்ட்டுட்டு டப்பாவ அடுத்த வாரம் கொண்டா."

டிரைவர் ஏறினார். பஸ் பின்னால் எடுத்துத் திரும்பியது. அவள் நிற்கிறாளா போய்விட்டாளா என்று எட்டிப் பார்த்தேன். நின்றுகொண்டுதான் இருந்தாள். கடலூர் தாண்டியதும் பசித்தது. டப்பாவைத் திறந்து இடியாப்பத்தைப் பிட்டேன். இன்னும் சூடாக இருந்தது.